ஆஸ்பத்திரியில ஒரு குவாலிட்டி வேலைக்கு (சிகிச்சைத் தரத்தை உயர்த்துற வேலைக்கு) டீம் சேர்க்கிறது எப்படி: சிசேரியன் தியேட்டர்ல இருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சிசேரியன்ல பொறந்த குழந்தையும் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள அம்மாகிட்ட பால் குடிக்கணும். இதுல யாருக்கும் மாத்துக் கருத்து கிடையாது, டாக்டருக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியும், சுவத்துல போஸ்டரே ஒட்டியிருக்கும். ஆனா ஒரு நாள் காலையில உங்க ஆஸ்பத்திரி தியேட்டர் வாசல்ல நின்னு பாருங்க, எத்தனை குழந்தை நெஜமாவே அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள அம்மா மார்ல இருக்குன்னு. தேசிய குடும்ப நல சர்வேயோட அஞ்சாவது ரவுண்டு படி (2019-21) தமிழ்நாட்டுல 44.9 சதவீதம் பிரசவம் சிசேரியன், கிட்டத்தட்ட ரெண்டுல ஒண்ணு. அப்போ இங்க அந்த ஒரு மணி நேரம் தவறிப்போனா எத்தனை குழந்தைக்குத் தவறுதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

நான் ஸ்டாஃப் நர்ஸா லேபர் வார்டுலயும் தியேட்டர்லயும் ரொம்ப வருஷம் இருந்தவ. முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில இதே பிரச்சனைக்கு கமிட்டி போட்டாங்க, 14 பேர் பேரோட சர்க்குலர் வந்துச்சு, டிபார்ட்மென்ட் ஹெட் எல்லாரும் இருந்தாங்க, கான்ஃபரன்ஸ் ஹால்ல ரெண்டு மணி நேரம் மீட்டிங். ரெண்டாவது மீட்டிங் நடக்கவே இல்ல. பின்னாடி அந்த லிஸ்டை எடுத்துப் பாக்கும்போது தான் எனக்கு உறைச்சது, குழந்தையை தியேட்டர்ல இருந்து வார்டுக்குத் தூக்கிட்டுப் போறவங்க ஒருத்தர் பேரு கூட அதுல இல்ல. அன்னையில இருந்து நான் டீம் சேர்க்கிறவங்க எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு தான் சொல்றேன்: பதவி வரிசையைப் பாத்து ஆள் எடுக்காதீங்க, நோயாளி போற வழியில யார் யார் கை படுதோ அவங்களை எடுங்க. கீழ எழுதுறது எல்லாம் அதை எப்படிச் செய்யுறதுன்னு தான். உங்க பிரச்சனை வேறயா இருக்கலாம், கையில போட்ட ஐ.வி லைன் வீங்குறது, லேப் ரிசல்ட் லேட்டாகுறது, எதுவா இருந்தாலும் வழி இதே தான்.

1. ஆள் தேடுறதுக்கு முன்னாடி பிரச்சனையை ஒரே வாக்கியத்துல எழுதுங்க

"தாய்ப்பாலை ஊக்குவிக்கணும்"னு எழுதிட்டு டீம் சேர்த்தா ஊர்ல எல்லாரையும் சேர்க்க வேண்டி வரும், யாரும் எதுக்கும் பொறுப்பு இல்லாம போயிடும். யாருக்கு, என்ன, எவ்வளவு, எப்போதுக்குள்ள, இந்த நாலும் இருக்கணும். உதாரணத்துக்கு இப்படி: "பகல் நேரத்துல, முன்கூட்டியே தேதி குறிச்ச சிசேரியன்ல, ஸ்பைனல் (முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப் போக வைக்கிறது) குடுத்து அம்மாவும் குழந்தையும் நல்லா இருக்கிற கேஸ்ல, ஒரு மணி நேரத்துக்குள்ள பால் குடிச்ச குழந்தைங்க இப்போ பத்துக்கு ரெண்டு, இதை 8 வாரத்துல பத்துக்கு ஆறா ஆக்கணும்." நைட் எமர்ஜென்சி கேஸை வேணும்னே விட்டிருக்கேன் பாருங்க. அது முக்கியமில்லைன்னு இல்ல, நைட்ல வேலை பாக்குற ஆட்கள் வேற, வழி வேற, அதனால டீமும் வேற. முதல்ல ஜெயிக்கக்கூடிய அளவுல ஒரு பிரச்சனையை எடுங்க.

டெல்லி எய்ம்ஸும் உலக சுகாதார நிறுவனத்தோட தென்கிழக்கு ஆசிய அலுவலகமும் சேர்ந்து நம்ம மாதிரி ஆஸ்பத்திரிகளுக்காகவே ஒரு பயிற்சி முறை தயார் பண்ணாங்க, பி.ஓ.சி.க்யூ.ஐ-ன்னு சொல்லுவாங்க, நாலே படி தான். பிரச்சனையை எடுக்கிறது, டீம் சேர்க்கிறது, இலக்கை எழுதுறது, இது மூணும் சேர்ந்து முதல் படி, அப்புறம் காரணத்தை அலசி அளவு வைக்கிறது, மாத்தத்தை சின்னதா சோதிக்கிறது, கடைசியா அதை நிலைக்க வைக்கிறது. டீமை முதல் படியிலயே வெச்சிருக்காங்கன்னு கவனிங்க. பிரசவ சிகிச்சைத் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017 டிசம்பர்ல ஆரம்பிச்ச லக்ஷ்யா திட்டத்துலயும் லேபர் ரூமுக்கும் மகப்பேறு தியேட்டருக்கும் தனியா குவாலிட்டி சர்க்கிள், அதாவது அங்க வேலை பாக்குறவங்களோட சின்ன டீம், வேணும்னு இருக்கு. அதனால அரசு ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க இதைப் புதுசா அனுமதி வாங்கித் தான் ஆரம்பிக்கணும்னு இல்ல, ஏற்கனவே பேப்பர்ல இருக்கிற சர்க்கிளுக்கு உயிர் குடுத்தா போதும்.

2. ஒரு அம்மா கூடவே நடந்து பாருங்க

இந்தப் படியைத் தான் எல்லாரும் விட்டுடுறாங்க, இது தான் எல்லாத்துலயும் முக்கியம். ஒரு நோட்டு, ஒரு பேனா, கையில வாட்ச். ஒரே ஒரு அம்மாவைத் தேர்ந்தெடுத்து தியேட்டர் டேபிள்ல இருந்து போஸ்ட் நேட்டல் வார்டு பெட் வரைக்கும் கூடவே போங்க. யார்கிட்டயும் கேள்வி கேக்காதீங்க, எதையும் திருத்தாதீங்க, குழந்தையையும் அம்மாவையும் யார் தொடுறாங்க, எத்தனை மணிக்கு, அதை மட்டும் எழுதுங்க.

நான் முதல் தடவை அப்படி நின்னப்போ பாத்தது இன்னும் கண்ணுலயே இருக்கு. குழந்தை பொறந்து, அழுது, துடைச்சு, வார்மர்ல (குழந்தைக்குச் சூடு குடுக்கிற மேஜையில) போட்டாச்சு. அஞ்சு நிமிஷத்துல எல்லாம் சரியா இருக்கு. அப்புறம் காத்திருக்கு. எடை போடணும், மெஷின் பக்கத்து ரூம்ல. டேக் கட்டணும், பேர் எழுத சிஸ்டர் கேஸ் ஷீட்டைத் தேடுறாங்க. வைட்டமின் கே ஊசி போடணும். குழந்தை டாக்டர் பாத்து கையெழுத்து போடணும், வந்த ஹவுஸ் சர்ஜனை இன்னொரு டேபிளுக்குக் கூப்பிட்டுட்டாங்க. இதுக்குள்ள அந்தக் குழந்தை கையை வாயில வெச்சு சப்ப ஆரம்பிச்சுடுச்சு, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புது, பசிக்குதுன்னு அதுக்குத் தெரிஞ்ச ஒரே பாஷையில சொல்லுது. நாலடி தள்ளி அம்மா முழிச்சிட்டு படுத்திருக்காங்க, ஸ்பைனல் தானே, ஒரு கையில பி.பி கஃப், இன்னொரு கையில டிரிப், கழுத்தைத் திருப்பித் திருப்பி வார்மர் பக்கமே பாக்குறாங்க. ஒருத்தரும் சும்மா இல்ல, எல்லாரும் அவங்கவங்க வேலையைச் சரியாத் தான் பண்றாங்க. அப்புறம் ஒரு ஒர்க்கர் அக்கா வந்து துணியில சுத்தி குழந்தையை வெளிய கொண்டுபோய் பாட்டி கையில குடுத்தாங்க, பாட்டி வராண்டாவுல உக்காந்து சர்க்கரைத் தண்ணி தொட்டு சேனை வெச்சாச்சு. அம்மா தையல் முடிஞ்சு, ரெகவரியில இருந்து, ட்ராலி கிடைச்சு, வார்டுக்கு வர்றப்போ குழந்தை நல்லா தூங்கிடுச்சு.

நோட்டைத் திருப்பிப் பாத்தா உங்க டீம் அங்கயே இருக்கும். மயக்க டாக்டர், கருவி எடுத்துக் குடுக்கிற ஸ்க்ரப் சிஸ்டர், குழந்தையை வாங்குற சிஸ்டர், ஹவுஸ் சர்ஜன், ஒர்க்கர் அக்கா, ட்ராலி தள்ளுற அண்ணன், வார்டு சிஸ்டர், பாட்டி. மகப்பேறு பெரிய டாக்டர் இந்த லிஸ்ட்ல தையல் போட்டுட்டு இருக்கார், குழந்தை பக்கம் அவர் வரவே இல்ல. அவரைத் தான் வழக்கமா முதல்ல கமிட்டியில போடுவோம்.

முடிஞ்சா இன்னும் ரெண்டு அம்மா கூட, வேற நாள்ல, நடங்க. ஒண்ணுல மட்டும் பாத்துட்டு முடிவு பண்ண வேணாம்.

3. அஞ்சுல இருந்து ஏழு பேர், அவ்வளவு தான்

எட்டு பேருக்கு மேல போனா நேரம் ஒத்துவர்றதே பெரிய பாடு. எங்க அனுபவத்துல இந்த வேலைக்கு வேண்டியவங்க இவங்க.

தினசரி வேலையை இழுத்துட்டுப் போற ஒருத்தர். இது சீனியரா இருக்கணும்னு இல்ல, தினமும் அந்த இடத்துல இருக்கிறவங்களா இருக்கணும், மத்தவங்க மதிக்கிறவங்களா இருக்கணும். பெரும்பாலும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தான் சரியா வரும். விஷயம் தெரிஞ்ச ஒரு டாக்டர், இந்தப் பிரச்சனைக்கு மயக்க டாக்டரோ குழந்தை டாக்டரோ, ரெண்டு பேரும் கிடைச்சா ரொம்ப நல்லது. தியேட்டர்ல இருந்து ஒருத்தர், வார்டுல இருந்து ஒருத்தர், ஏன்னா இது ரெண்டு இடத்துக்கும் நடுவுல தான் குழந்தை தொலைஞ்சு போகுது. குழந்தையைத் தூக்கிட்டுப் போற ஒர்க்கர் அக்கா கட்டாயம். கணக்கு எழுதுற ஒருத்தர். முடிஞ்சா சமீபத்துல அதே தியேட்டர்ல சிசேரியன் பண்ணிக்கிட்ட ஒரு அம்மாவை ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பேச வைங்க, மீட்டிங்குக்கு வர முடியலைன்னா தடுப்பூசிக்கு வர்ற நாள்ல போய் கேளுங்க. "டேபிள்லயே குழந்தையை மேல போட்டிருந்தா உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?" இதை அவங்களால மட்டும் தான் சொல்ல முடியும்.

இதுக்கு வெளியில, மேல இருந்து கை குடுக்கிற ஒருத்தர் வேணும், அவங்களைப் பத்தி தனியா சொல்றேன்.

நர்ஸ் முன்னாடி நிக்கிறது எவ்வளவு வேலை செய்யும்னு சந்தேகப்படுறவங்களுக்கு அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல நடந்ததைச் சொல்லலாம். பீட்டர் ப்ரோனோவோஸ்ட்னு ஒரு டாக்டர், ஐ.சி.யூ-வுல சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாய்ல போடுற டியூப்) மூலமா ரத்தத்துல வர்ற இன்ஃபெக்ஷனைக் குறைக்க 2003-ல ஆரம்பிச்ச வேலை, 103 ஐ.சி.யூ-வோட கணக்கு 2006-ல வெளியாச்சு. லைன் போட்டு வெச்சிருக்கிற 1000 நாளுக்கு 2.7ன்னு இருந்த மீடியன் (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற) எண்ணிக்கை மூணு மாசத்துல பூஜ்யத்துக்கு வந்துச்சு. செக்லிஸ்ட் தான் காரணம்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா ஒவ்வொரு ஐ.சி.யூ-வுலயும் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ்னு சேத்து தான் டீம் லீடர் போட்டாங்க, எமர்ஜென்சி இல்லாத நேரத்துல டாக்டர் ஒரு படியை விட்டா நிறுத்துங்கன்னு சொல்ற அதிகாரத்தையும் நர்ஸுக்குக் குடுத்தாங்க. அந்த அதிகாரம் இல்லாம செக்லிஸ்டை மட்டும் நகல் எடுத்துட்டு வந்தா அது ஃபைல்ல தான் இருக்கும்.

4. கூப்பிடுற விதம்

சர்க்குலர் போட்டு ஆள் சேர்க்காதீங்க. நேர்ல போய், அவங்க இடத்துல, ஒவ்வொருத்தரா கேளுங்க. எல்லார்கிட்டயும் ஒரே பேச்சு எடுபடாது.

ஸ்டாஃப் நர்ஸ் கிட்ட போனா முதல் வார்த்தையே "சிஸ்டர், ஏற்கனவே பத்து ரெஜிஸ்டர் எழுதுறேன், இதுல இன்னொண்ணா?"ன்னு தான் வரும். அது சோம்பேறித்தனம் கிடையாது, நெஜமான வலி, அவங்க ஷிஃப்ட்ல ஒரு ஆளுக்கு எத்தனை பெட்னு பாத்தா புரியும். அதனால கையோட ஒரு பதில் இருக்கணும்: புதுசா ரெஜிஸ்டர் கிடையாது, இருக்கிற பிரசவ ரெஜிஸ்டர்லயே கடைசியில ஒரு கட்டம், நேரம் மட்டும் எழுதணும். சொன்னதை மீறி நாளைக்கு ஒரு ஃபார்ம் நீட்டினீங்கன்னா அன்னையோட நம்பிக்கை போச்சு.

ஒர்க்கர் அக்கா கிட்ட நான் பேசினது இப்படி.

"அக்கா, குழந்தையை வெளிய கொண்டு போறது நீங்க தானே, உங்களுக்கு என்ன தோணுது, ஏன் லேட்டாகுது?"

"அம்மா, என்னைக் கேக்குறீங்களே... வெளிய குடுக்கலைன்னா அவங்க ஆளுங்க வாசல்ல நின்னு சத்தம் போடுவாங்கம்மா. ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையான்னு பாக்கணும்ல. நான் குடுத்துட்டு ஓடி வந்துருவேன், அடுத்த டேபிளைக் கழுவணுமே."

இதை எந்த டாக்டரும் சொல்லியிருக்க முடியாது. குழந்தையை வெளிய கொண்டு போறதுக்கு மருத்துவக் காரணமே இல்ல, சொந்தக்காரங்க அவசரம் தான் காரணம். அப்போ ஒருத்தர் வெளிய வந்து குழந்தை நல்லா இருக்கு, அம்மாகிட்ட பால் குடிக்குதுன்னு சொல்லிட்டா, இல்ல கதவுகிட்ட ஒரு நிமிஷம் காட்டிட்டு உள்ள திருப்பிக் கொண்டு போனா, பாதிப் பிரச்சனை அங்கயே முடியுது. இன்னொண்ணு, அந்த அக்கா அவுட்சோர்ஸிங்ல இருந்தா மீட்டிங்குக்கு வர்ற 15 நிமிஷத்துக்கு சூப்பர்வைசர் திட்டுவாரு. அதை முன்கூட்டியே பேசி வெச்சுடுங்க, அவங்க தலையில விட்டுடாதீங்க.

மயக்க டாக்டர்கிட்ட "எல்லாருக்கும் நல்லது சார்"னு போனா ஒத்துக்க மாட்டாரு. அவரோட பயம் என்னன்னு கேளுங்க. மானிட்டர் ஒயர் இடிக்கும், அம்மாவுக்கு வாந்தி வரும், தியேட்டர் குளிர்ல குழந்தை சில்லுன்னு ஆயிடும்னு சொல்லுவாரு. மூணும் நியாயமான பயம். "அப்போ எந்தக் கேஸ்ல, எந்த நேரத்துல போட்டா உங்களுக்கு ஓகேன்னு நீங்களே சொல்லுங்க சார்"னு கேட்டீங்கன்னா அவர் டீம்ல வந்துட்டாருன்னு அர்த்தம்.

5. மேல இருக்கிறவங்ககிட்ட மூணே மூணு கேளுங்க

டீனோ சூப்பிரண்டென்டோ டிபார்ட்மென்ட் ஹெட்டோ, ஒருத்தர் இந்த வேலைக்கு ஆதரவா நிக்கணும், மீட்டிங்குக்கு வர வேண்டியதில்ல. "உங்க சப்போர்ட் வேணும் மேடம்"னு பொத்தாம் பொதுவா கேட்டா "கண்டிப்பா பண்ணுங்க"ன்னு சொல்லி அதோட முடிஞ்சுடும். வாரத்துக்கு 15 நிமிஷம் டியூட்டி நேரத்துலயே டீம் கூடுறதுக்கு அனுமதி. சின்ன மாத்தத்தை ஒரு நாள் ரெண்டு நாள் முயற்சி பண்ண அனுமதி, ஒவ்வொண்ணுக்கும் ஃபைல் போடாம. மூணாவது தான் ரொம்ப முக்கியம், நாங்க எடுக்கிற கணக்கை வெச்சு யாருக்கும் மெமோ குடுக்கக் கூடாது. 17(ஏ), 17(பி)ங்கிற வார்த்தை (அரசு ஊழியர் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிற விதிகள்) காதுல விழுந்தாலே அரசு ஆஸ்பத்திரியில எல்லாரும் நேரத்தை 55 நிமிஷம்னு எழுத ஆரம்பிச்சுடுவாங்க, அப்புறம் உங்க கணக்குல ஒண்ணும் இருக்காது. இந்த மூணாவது வாக்கை அவங்க வாயாலயே டீம் முன்னாடி ஒரு தடவை சொல்ல வைங்க.

6. முதல் மீட்டிங்

கான்ஃபரன்ஸ் ஹால் வேணாம். நர்சிங் ஸ்டேஷன்லயே, ஹேண்டிங் ஓவர் முடிஞ்ச கையோட, நின்னுட்டே 20 நிமிஷம். முதல்ல எல்லாரும் அவங்க பேரையும் என்ன வேலைன்னும் சொல்லணும். வருஷக்கணக்கா ஒண்ணா வேலை பாக்குறோமே இது எதுக்குன்னு தோணும், ஆனா நம்ம இடத்துல "சார்", "சிஸ்டர்", "ஆயாம்மா"ன்னு கூப்பிட்டே பழகி, ஒர்க்கர் அக்கா பேரு தெரியாமலே எத்தனையோ பேர் ரிட்டையர் ஆகியிருக்காங்க. உலக சுகாதார நிறுவனம் 2008-ல கொண்டு வந்த ஆபரேஷன் செக்லிஸ்ட்லயும் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் பேரும் பொறுப்பும் சொல்லிக்கணும்னு ஒரு வரி இருக்கு. புது டெல்லி உட்பட எட்டு ஊர்ல அதைச் சோதிச்சப்போ ஆபரேஷனுக்கு அப்புறமான சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8-க்கு வந்துச்சு. அந்த ஒரு வரியால தான்னு நான் சொல்லல, ஆனா பேர் சொன்ன வாய் அடுத்து பிரச்சனையையும் சொல்லும்.

அடுத்து, நீங்க அம்மா கூட நடந்து எழுதின நோட்டைப் படிச்சுக் காட்டுங்க, யார் பேரும் சொல்லாம, நேரத்தை மட்டும். அப்புறம் ஒவ்வொருத்தரா பேசட்டும், பதவியில சின்னவங்க முதல்ல, டாக்டர் கடைசியில. இது தலைகீழா நடந்தா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும், டாக்டர் ஒரு காரணம் சொல்லிட்டா மத்தவங்க அதுக்குத் தலையாட்டிட்டு போயிடுவாங்க. "யாரு லேட் பண்ணது"ங்கிற கேள்வி வந்தா நிறுத்திட்டு "எது லேட் பண்ணுச்சு"ன்னு மாத்திக் கேளுங்க. எடை மெஷின் ஏன் பக்கத்து ரூம்ல, பிளக் பாயின்ட் அங்க தான் இருக்கு, ஏன் இங்க இல்ல, யாரும் கேக்கல. இப்படி ஏன் ஏன்னு தோண்டிட்டே போனா பெரும்பாலும் ஒரு பொருளோ ஒரு பழக்கமோ தான் அடியில கிடைக்கும், கெட்ட மனுஷன் கிடைக்க மாட்டாங்க.

ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1990-கள்ல ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து தப்பாப் போறதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணாங்க. நல்ல டீம் இருக்கிற வார்டுல தப்பு கம்மியா இருக்கும்னு பாத்தா கணக்குல அதிகமா இருந்துச்சு. அங்க தப்பு அதிகமா நடக்கல, பயமில்லாம வெளிய சொன்னாங்க. அதனால உங்க முதல் மாசக் கணக்கு மோசமா வந்தா கலங்காதீங்க, உண்மையா எழுத ஆரம்பிச்சிருக்காங்கன்னு அர்த்தமா இருக்கலாம்.

7. கணக்கு எழுதுறவங்க

ரெண்டே ரெண்டு எண் போதும். கீழ, அந்த வாரம் நம்ம வரையறைக்குள்ள வந்த சிசேரியன் எத்தனை. மேல, அதுல ஒரு மணி நேரத்துக்குள்ள குடிச்ச குழந்தை எத்தனை. "குடிச்ச"ன்னா என்னன்னு டீம்ல முதல்லயே முடிவு பண்ணுங்க, மார்ல வாய் வெச்சா போதுமா, சப்பணுமா. இதைப் பேசலைன்னா காலை ஷிஃப்ட் ஒண்ணு எழுதும், மதிய ஷிஃப்ட் ஒண்ணு எழுதும். கூடவே பாதுகாப்புக்கு ஒரு எண், வார்டுக்கு வந்ததும் குழந்தையோட டெம்பரேச்சர், 36.5 டிகிரிக்குக் கீழ போகுதான்னு. மயக்க டாக்டரோட பயத்துக்கு இது தான் மரியாதை, அவர் சொன்னது நடக்குதா இல்லையான்னு நாமளே அளந்து அவர்கிட்ட காட்டுறோம்.

கம்ப்யூட்டர் தேவையில்ல. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பென், வாரத்துக்கு ஒரு புள்ளி, தியேட்டர் டிரெஸ்ஸிங் ரூம் சுவத்துல. அந்தப் புள்ளியை ஒவ்வொரு வாரமும் வேற வேற ஆள் வைக்கட்டும். எங்க டீம்ல ஒரு வாரம் ஒர்க்கர் அக்கா வெச்சாங்க, அதுக்கப்புறம் போற வர்றவங்க எல்லாரையும் நிறுத்தி விளக்கம் சொன்னது அவங்க தான்.

8. ஒரு அம்மா, ஒரு நாள்

டீம் நெஜமாவே டீம் ஆகுறது மீட்டிங்ல இல்ல, முதல் சோதனையில தான். திட்டமிடு, செய், பாரு, சரிசெய், இந்தச் சுழற்சியை பி.டி.எஸ்.ஏ-ன்னு சொல்லுவாங்க. பேர் எதுவா இருந்தாலும் சாரம் இது தான்: திங்கக்கிழமையில இருந்து எல்லாருக்கும்னு ஆர்டர் போடாதீங்க. நாளைக்கு, ரெண்டாவது கேஸ், இந்த ஒரு அம்மாவுக்கு, இந்த மயக்க டாக்டர் இருக்கிறப்போ, எடையைப் பின்னாடி தள்ளி வெச்சுட்டு குழந்தையை முதல்ல அம்மா நெஞ்சுல போட்டுப் பாப்போம். அவ்வளவு தான்.

குழந்தை நல்லா இருந்தா எடையும் ஊசியும் முதல் பாலுக்கு அப்புறம் போட்டா ஒண்ணும் கெடாது, பச்சிளம் குழந்தை பராமரிப்பு வழிமுறையே அதைத் தான் சொல்லுது. ஆனா செஞ்சு பாத்தா தான் மத்தது தெரியும். எங்க முதல் தடவையில டிரிப் இருந்த கையாலயே அம்மா குழந்தையைப் பிடிக்கப் போனாங்க, ஊசி வெளிய வர இருந்துச்சு. அன்னிக்கே அங்கயே நின்னு பேசினோம், அடுத்த கேஸ்ல டிரிப்பை முன்கையில போட்டோம், பி.பி கஃபை மறு கையில மேல ஏத்திக் கட்டினோம், குழந்தையைக் குறுக்கால போட்டு காய்ஞ்ச துணி ரெண்டு மடிப்பு மேல மூடினோம், தொப்பி போட்டோம், கூடவே ஒரு சிஸ்டர் கையை வெச்சுட்டே நின்னாங்க. அந்த சிஸ்டர் அங்க நின்னா வேற எந்த வேலை நிக்கும்னு கேட்டது ஸ்க்ரப் சிஸ்டர். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க இன்னும் மூணு கேஸ் ஆச்சு. ஒரு கேஸ், அப்புறம் மூணு, அப்புறம் ஒரு நாள் முழுக்க, அப்புறம் இன்னொரு மயக்க டாக்டர் இருக்கிற நாள்ல. ஒவ்வொரு சோதனைக்கும் நோட்டுல நாலு வரி: என்ன பண்ணோம், என்ன ஆகும்னு நினைச்சோம், என்ன ஆச்சு, அடுத்து என்ன. சரிவராத மாத்தத்தை வெக்கப்படாம அடிச்சுடுங்க.

9. டீம் உடையுற இடங்கள்

ஹவுஸ் சர்ஜனும் பி.ஜி-யும் போஸ்டிங் மாறிட்டே இருப்பாங்க. டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் வந்தா சிஸ்டர் வேற மாவட்டத்துக்குப் போயிடுவாங்க. ஒப்பந்தம் முடிஞ்சா ஒர்க்கர் அக்கா மாறுவாங்க. அதனால ஒவ்வொரு பொறுப்புக்கும் ஆரம்பத்துல இருந்தே ரெண்டு பேரைப் போடுங்க, ஒருத்தர் செய்ய ஒருத்தர் கூட இருக்க. ஒருத்தர் லீவுல இருந்தா கூட்டம் தள்ளிப்போடக் கூடாது, ரெண்டு வாரம் தள்ளிப்போச்சுன்னா மூணாவது வாரம் யாரும் வர மாட்டாங்க, நான் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு பாராட்டு போற திசை. எண் ஏற ஆரம்பிச்சதும் ரிப்போர்ட்ல ஒரு பேர் மட்டும் வரும், கான்ஃபரன்ஸ்ல ஒருத்தர் மட்டும் பிரசன்டேஷன் குடுப்பாங்க. கீழ வேலை பாத்தவங்க அதை மறக்க மாட்டாங்க. மேல போற ஒவ்வொரு பேப்பர்லயும் ஏழு பேர் பேரும் இருக்கணும், ஒர்க்கர் அக்கா பேரோட, முதல் மீட்டிங்லயே இதைப் பேசி முடிச்சுடுங்க.

சில டாக்டர் ஒத்துக்கவே மாட்டாங்க. அவங்க கூட சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீங்க, அவங்க கேஸ் இல்லாத நாள்ல உங்க சோதனையை நடத்துங்க, சார்ட்ல புள்ளி ஏறட்டும். டெம்பரேச்சர் கணக்கையும் பக்கத்துலயே ஒட்டுங்க. பாதிப் பேர் சுவத்தைப் பாத்துட்டு தானா வந்து கேப்பாங்க.

10. கைமாத்துறது

எண் தொடர்ந்து ஆறு எட்டு வாரம் நல்லா இருந்தா, அதுக்கப்புறம் அது உங்க டீமோட வேலையா இருக்கக் கூடாது, தியேட்டரோட வழக்கமா ஆகணும். எடை மெஷினுக்கு பிளக் பாயின்டை தியேட்டருக்குள்ளயே போட்டு வாங்குங்க. தொப்பியும் துணியும் மாச இன்டென்ட்ல (ஸ்டோர்ல கேட்டு வாங்குற பொருள் லிஸ்ட்ல) சேருங்க. புது ஹவுஸ் சர்ஜன் பேட்ச் வர்ற முதல் நாள்ல பத்து நிமிஷம் டீம்ல ஒருத்தர் தியேட்டர்லயே நின்னு காட்டணும். ஆன்டி நேட்டல் ஓ.பி-யிலயே (கர்ப்பிணிங்க செக்கப்புக்கு வர்ற இடத்துலயே) பாட்டிங்ககிட்ட சேனை வேணாம்னு, குழந்தை வெளிய வர லேட்டாகும், அம்மாகிட்ட பால் குடிக்கும்னு சொல்லி வைங்க. வாராந்திரக் கூட்டத்தை மாசத்துக்கு ஒண்ணா குறைங்க, ஆனா சார்ட்ல புள்ளி வைக்கிறதை நிறுத்தாதீங்க, ரெண்டு வாரம் தொடர்ந்து இறங்கினா திரும்ப அம்மா கூட நடந்து பாக்கணும்.

நீங்க மாறிப் போறப்போ அடுத்தவங்க கையில குடுக்க வேண்டியது அந்த நோட்டு, சார்ட் பேப்பர், டீம்ல இருந்தவங்க பேரு. நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டு வந்தப்போ நோட்டை வாங்கிக்கிட்டது ஒரு சின்னப் பொண்ணு, எங்க ஒர்க்கர் அக்கா தான் அவளை வாசல்ல இருந்து கூட்டிட்டு போய் முதல் நாள் தியேட்டரைச் சுத்திக் காட்டினாங்க, எந்தப் பக்கம் நின்னா குழந்தையைப் பிடிக்க வசதின்னு.